வேலைக்கு வேண்டிய தமிழ்

“எழுத்து வேண்டாம், இலக்கணம் வேண்டாம், கதை, பாட்டு, பழம்பெருமை எதுவும் வேண்டாம். என் வேலைக்கு எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுங்கள்” என்று டாக்டர் யான்சன் முதல் நாளே சொல்லிவிட்டார். மளிகைக் கடையில் நின்றுகொண்டு, துவரம்பருப்பு கால் படி போதும், மிளகாய் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. நான் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர், பெயர் சீதளநாதன். வித்துவான் பட்டத்துக்காகக் கண் கெட்டுப்போகப் படித்தவன். அந்தப் படிப்பில் கால் படி அளந்து கொடு என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அது அறுபத்தைந்தாம் வருஷம். தை மாதம் ஊர் ஊராகப் பிள்ளைகள் தமிழுக்காகத் தெருவில் இறங்கி, போலீசிடம் மண்டை உடைபட்டுக் கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்களை இழுத்து மூடிவிட்டார்கள். தமிழ் வாழ்க என்று கடைச் சுவரெல்லாம் தார் பூசி எழுதியிருந்த அந்த நாட்களில், தமிழ்ப் பண்டிதனான நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், ஒரு ஹாலந்து நாட்டுக்காரருக்கு ‘நாக்கை நீட்டுங்க’ சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தேன்.

யான்சன், திண்டிவனம் சாலையில் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கட்டிய தர்ம ஆஸ்பத்திரியின் டாக்டர். அவர் அறை ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். வந்து ஒரு வருஷமாகியும் அவர் அதன் மேல் ஏறவில்லை. ஏற நேரமில்லை. விடிந்தால் வாசலில் கூட்டம், ஒன்பதரைக்கு ஜீப் ஏறினால் ஒரு நாள் வல்லம், ஒரு நாள் அவலூர்பேட்டை என்று கிராமத்து முகாம், திரும்பினால் வார்டு. சோம்பேறி என்றோ, காசு பறிக்கிறவர் என்றோ அவரைத் திட்ட வழியில்லை. நல்ல மனுஷர்தான். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதுவரை அவருக்கு வாயும் காதுமாக இருந்தவள் பவுனம்மாள் என்கிற ஆயா. அவளும் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. நோயாளி கொண்டுவரும் வேர்க்கடலையில் ஒரு பங்கு வாங்காமல் யாரையும் உள்ளே விடமாட்டாள். வயிற்று வலி என்று வந்தவளிடம் மகள் கல்யாணம் என்னாச்சு, கிணற்றில் தண்ணீர் இருக்குதா, ராத்திரி என்ன கொழம்பு வைத்தாய் என்று ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் வயிற்று வலி என்பாள். டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நொந்து போனார். அந்த இரண்டு வார்த்தையை நானே கேட்டுக்கொள்ள முடியாதா என்று தோன்றித்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மத்தியானம் அவர் சாப்பிடும் அரைமணி நேரம்தான் பாடவேளை. அவருக்கு வேறு நேரம் கிடையாது. அவர் ரொட்டியும் முட்டையும் கத்தியால் நறுக்கிச் சாப்பிடுவார். எதிரில் நான் உட்கார்ந்து பாடம் சொல்வேன். நான் ஜைனன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே அடுப்படியில் சொல்லமாட்டார்கள். அந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்ததே ஒரு விரதம். இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். இருவருக்குமே அது இரவல் மொழி என்பதால் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

பாடத்தை அவர் வேலை நடக்கிற வரிசையிலேயே அமைத்தேன். ஆள் உள்ளே வருகிறார்: வாங்க, உட்காருங்க. பிறகு: எங்க வலிக்குது? எத்தனை நாளா? காய்ச்சல் இருக்குதா? வாந்தி எடுத்தீங்களா? மூச்சை இழுங்க. பயப்படாதீங்க. மாத்திரை மூணு வேளை. நாளைக்கு வாங்க. பதில் எல்லாம் ஆமாம், இல்லை, ஓர் எண், அல்லது விரலால் தொட்டுக் காட்டுதல் என்று முடிந்துவிடும்படி கேள்விகளை வெட்டித் தைத்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை போல அவருக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டை தைத்தவன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வேலைக்கு வேண்டாத ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவர் பிரியப்பட்டுக் கற்றுக்கொண்டார். நான் புறப்படும்போது சொல்வதைக் கேட்டு, அது என்ன என்றார். “எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டோம். போய்ட்டு வரேன் என்றுதான் சொல்வோம். திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை” என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வார்டுக்குப் போனாலும் ‘போய்ட்டு வரேன்’, ஜீப் ஏறினாலும் ‘போய்ட்டு வரேன்’. அந்த ழகரமும் ளகரமும் இல்லாத வாக்கியத்தை நம் ஆள் மாதிரியே சொல்வார்.

ஒரு நாள் அவர் ஒரு புதுக் கேள்வி கேட்டார். “சில மருந்துகள் கொடுப்பதற்கு முன்னால், நோயாளி சாப்பிட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு என்ன?”

“சாப்டீங்களா?” என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை நோயாளியாக வைத்துக்கொண்டு, நேராக என் முகத்தைப் பார்த்து, “சாப்டீங்களா?” என்றார்.

“ஆச்சுங்க” என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் கேள்வி முடிவதற்குள் வாய் தானாகவே ஆச்சு என்றுவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

“டாக்டர், இது முக்கியம். நான் இன்னும் சாப்பிடவில்லை. ஆனாலும் ஆச்சு என்றேன். இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால் எனக்குச் சோறு போடு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் பசியோடு இருப்பவன்தான் முதலில் ஆச்சு என்பான். நிஜம் வேண்டுமானால் அடுத்த கேள்வியும் கேட்க வேண்டும். என்ன சாப்பிட்டாய், என்ன கொழம்பு, யார் சமைத்தது என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். அப்போது தெரிந்துவிடும். அவர்கள் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள உங்களுக்கு நாலைந்து பாடம் எடுக்கிறேன்.”

அவர் புருவத்தைத் தூக்கினார். “அப்படியானால் உங்கள் மக்கள் பொய் சொல்வார்கள் என்கிறீர்களா?”

“பொய் இல்லை டாக்டர். நலமா என்று கேட்டால் உங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன்கூட நலம் என்பானே, அது பொய்யா?”

“டாக்டரிடம் அப்படிச் சொல்லமாட்டான்” என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். “சீதளநாதன், காலையில் எனக்கு எண்பது பேர். ஒவ்வொருவரிடமும் கொழம்பு பற்றிப் பேச ஆரம்பித்தால் நானும் பவுனம்மாள் ஆகிவிடுவேன். இப்போதைக்குக் கேள்வி போதும். பதில்களை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. அப்போதும் விடவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பேச்சை எடுத்தேன். பங்குனி வரட்டும், சித்திரை வரட்டும் என்று அவர் தள்ளிக்கொண்டே போனார். இரண்டாம் கட்டம் என்ற பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பாடம் அப்படியே கிடந்தது.

சித்திரையில், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விடுவதற்குள், யான்சன் தனியாகவே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பவுனம்மாளை வார்டுக்குத் துணி அலசப் போட்டார்கள். வழியில் என்னைப் பார்த்தபோது, “நல்லா இருப்ப வாத்தியாரே, எம் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்ட” என்று கைவிரலை நெட்டி முறித்தாள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சீக்கிரம் கலைந்தது. வெள்ளைக்கார டாக்டர் தமிழ் பேசுகிறார் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேச்சு. சங்கத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் பார்த்துவிட்டு, மற்ற ஊர் டாக்டர்களுக்கும் இதே பாடத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் ஆகட்டும் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா அனந்தமதிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அக்காவை வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஆதிநாதன் என்கிற விவசாயிக்குக் கொடுத்திருந்தது. நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக் கௌரவமாகப் பிழைக்கிற குடும்பம். ஒரே மகள் நீலாஞ்சனா, அப்போதுதான் தாவணி போட்ட பெண். அக்கா துரும்பாக இளைத்துப் போய், குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். தினம் காலையில் ஊசி போட வேண்டும் என்றார்கள். வீட்டில் போட ஆள் கிடையாது. அதனால் அக்கா தினமும் காலை பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். இரண்டே மாதத்தில் உடம்பு தேறி, பழையபடி கன்னத்தில் சதை வைத்தது.

யான்சனிடம் இவள் என் அக்கா என்று நான் சொல்லவில்லை. சலுகை கேட்பது போல ஆகிவிடும், வேண்டாம் என்று அக்காவே தடுத்துவிட்டாள். வரிசையில் வந்து உட்கார்ந்து, முறை வந்தால் உள்ளே போவாள். அவரும் இத்தனை மாதத்தில் உனக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வேலைக்கு அது வேண்டாத கேள்வி.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஜனங்களில் பலருக்கும் உண்டு. காலையில் குளித்து, கோயிலுக்குப் போய்ச் சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடமாட்டாள். ஊர்க் கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் விடிவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார். அக்கா சாமி பார்த்து, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி தின்று, பிறகு பஸ் ஏறுவாள். ஆவணி மாதம் அந்த ஒரு நாள் உபாத்தியாயர் இல்லை. முதல் நாள் அவலூர்பேட்டையில் ஏதோ உறவு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். காலையில் அவர் திரும்பி வர வேண்டிய பஸ் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது. பூட்டின கதவுக்கு முன்னால் அக்கா காத்திருந்து பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் செஞ்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் டாக்டர் முகாமுக்குப் போய்விடுவார்.

“இட்லி சுட்டு வச்சிருக்கேன், ஒண்ணையாவது தின்னுட்டுப் போம்மா” என்று நீலாஞ்சனா சொல்லியிருக்கிறாள்.

“கோயிலு தொறக்கலியேடி. ஊசியைப் போட்டுக்கினு ஓடியாந்துட்றேன், வந்து சாமி பாத்துட்டுச் சாப்ட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசிக்கு வர வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் அந்த ஊசி உயிரையே வாங்கும் என்பது தெரியாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஏன், எதற்கு என்று விளக்கிச் சொல்கிற வாக்கியங்கள் யான்சன் கேட்ட தமிழில் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தவை கேள்விகளும் உத்தரவுகளும் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கம்பவுண்டர் கோவிந்தசாமி பிற்பாடு சொன்னார். அவர் மருந்து அறையில் நின்றிருந்தார். உள்ளே போன அக்காவிடம் டாக்டர், “வாங்க, உட்காருங்க” என்றார். பிறகு, “சாப்டீங்களா?”

“ஆச்சுங்க” என்றாள் அக்கா.

டாக்டர் ஊசி போட்டார். “நாளைக்கு வாங்க” என்றார். அக்கா கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, “போய்ட்டு வரேங்க” என்றாள். அவள் வெளியே வந்த கையோடு டாக்டர் ஜீப் ஏறி முகாமுக்குப் போய்விட்டார். அன்று முகாம் அவலூர்பேட்டையில்.

என் அக்கா பொய் சொல்லமாட்டாள். சத்தியம் எங்களுக்கு விரதங்களில் ஒன்று. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னால் மன்னிப்புக் கேட்டு அழுகிற பெண் அவள். அப்பேர்ப்பட்டவளே ஆச்சு என்றாள் என்றால், அது அவள் கணக்கில் பொய்யே இல்லை. ஒரு பெரிய மனிதர் உபசாரமாக ஒன்று கேட்கிறார், அதற்கு மரியாதையாக ஒரு பதில் சொன்னாள், அவ்வளவுதான். பவுனம்மாள் அங்கே நின்றிருந்தால், “ஆச்சா? மூஞ்சைப் பாத்தா தெரியலியே, இன்னா கொழம்பு?” என்று கத்தியிருப்பாள். அந்த நேரம் அவள் வார்டுக்குப் பின்னால் போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவன் தாண்டவராயன். என்னிடம் படித்தவன்தான். அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“பஸ்ஸு வரலிங்க சார். அக்கா நம்ம கடை பெஞ்சிலதான் குந்தியிருந்தாங்க. வேர்த்து ஊத்துது, கை கிடுகிடுன்னு ஆடுது. ‘வெயிலா இருக்குதுக்கா, ஒரு கலர் சோடா குடிக்கிறீங்களா, இல்லன்னா டீ போடட்டுமா’ன்னு கேட்டேன். ‘இப்பதாம்பா ஆச்சு’ன்னாங்க சார். நான் இன்னா பண்ணுவேன்? ரெண்டாந்தரம் கேட்டா தப்பா நெனைப்பாங்களோன்னு உட்டுட்டேன்.”

சாமி பார்க்காத வாயில் வெளியில் ஒன்றும் வாங்கிக் குடிக்கமாட்டாள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் அக்கா சம்பந்தமில்லாமல் உளறியிருக்கிறாள், பிறகு பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்ததைப் பார்த்துக் காக்காய் வலிப்பு என்று நினைத்து, யாரோ ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அவள் தலைக்கு நேர் மேலே, கடைப் பலகையில், தாண்டவராயனின் சர்க்கரை டின் இருந்தது. அவள் சரிவதற்கு முன்னால் அதில் ஒரு கை அள்ளிக் கரைத்துக் குடிக்க வைத்திருந்தால் போதும் என்று பிற்பாடு வேறொரு டாக்டர் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

குதிரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் இல்லை. சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றலாமா கூடாதா என்று தெரியாமல் கோவிந்தசாமி பயந்துபோய், ஜீப்புக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கையில் அந்தச் சாவிக்கொத்து அப்படியே இருந்தது. யாருடைய சாவி என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

எங்களில் பிணத்தை வைத்திருக்கமாட்டோம். டாக்டரின் ஜீப் திரும்பி வருவதற்குள் புறப்பட்டுவிட்டோம்; செத்தது என் அக்கா என்று அவரிடம் சொல்லக் கோவிந்தசாமிக்குத் தைரியம் வரவில்லையாம். பொழுது சாய்வதற்குள் ஊருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டோம். மறுநாள் காலையில் சாம்பல் அள்ளிவிட்டு வந்து, ஆதிநாதன் வீட்டு வாசலில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நீலாஞ்சனா அழவில்லை. முந்தின நாள் சுட்ட இட்லியை யாரையும் தொடவிடாமல், நிலைப்படியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது யான்சனின் ஜீப் வந்து நின்றது. இறங்கினவர் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்தது போல முகம் மலர்ந்தார். நேராக என்னிடம் வந்தார்.

“நல்லவேளை, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்!” என்றார் இங்கிலீஷில். “இந்தக் குடும்பத்திடம் சொல்வதற்குப் புதிதாகச் சில வாக்கியங்கள் தேவை என்று பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினேன். நீங்கள் லீவு என்றார்கள். உங்களை இங்கே வரச் சொன்னது யார், கோவிந்தசாமியா?”

மொழிபெயர்ப்பதற்காக நான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்திருக்கிறார் மனுஷர். எனக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தைகள். வித்துவான் படிப்பில் அவற்றுக்கும் குறைவில்லை. எழுந்து மட்டும் நின்றேன்.

“இவர்களிடம் சொல்லுங்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ராத்திரி முழுவதும் நான் தூங்கவில்லை” என்றார். கண்கள் சிவந்துதான் இருந்தன. “பிறகு இதையும் சொல்லுங்கள். ஊசிக்கு முன்னால் நான் கேட்டேன். தமிழில், தெளிவாகக் கேட்டேன். அந்த அம்மா சாப்பிட்டேன் என்றுதான் சொன்னார். இது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.”

“இன்னா சொல்றாரு மச்சான்?” என்றார் ஆதிநாதன். முந்தின நாளிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

எனக்குச் சொல்ல மனமில்லை. வருத்தப்படுகிறார் மாமா என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பந்தல் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நடந்தது என்னவென்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்கு உரிமை இருக்கிறது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். “ஊசிக்கு மின்னாடி சாப்டீங்களான்னு கேட்டாராம். அக்கா ஆச்சுன்னு சொல்லிச்சாம்.”

ஆதிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். நிலைப்படியிலிருந்து நீலாஞ்சனாவின் குரல் வந்தது. “எங்கம்மா பொய் பேசாது மாமா. அவருகிட்ட சொல்லு. எங்கம்மா பொய்யே பேசாது.”

“அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?” என்றார் யான்சன்.

“தன் அம்மா பொய்யே பேசமாட்டாள் என்கிறாள்.”

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். “ஆமாம்” என்றார். “நானும் அப்படித்தான் நம்பினேன்.”

அப்போதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குத் தன் கேள்வியும் தனக்குக் கிடைத்த பதிலும்தான் சரியாக இருக்கின்றன. அன்று ரொட்டியை நறுக்கிக்கொண்டே அவர் தள்ளி வைத்த பாடம் அவர் நினைவில் எங்கேயும் இல்லை.

அவர் கேட்டார்: “உங்களுக்கு இந்தக் குடும்பத்தை முன்பே தெரியுமா?”

“செத்துப்போனது என் அக்கா” என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. பந்தலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், சாம்பல் பூத்த என் காலைப் பார்த்தார். “நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே” என்றார்.

“நீங்கள் கேட்கவே இல்லையே. அதெல்லாம் இரண்டாம் கட்டப் பாடம், டாக்டர்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆச்சு என்று நான் சிரித்ததும், அதற்கப்புறம் சொன்னதும் எல்லாம் அந்த நிமிஷம்தான் அவருக்குத் திரும்ப வந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அக்கா செத்த மறுநாள் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவ்வளவுதான்.

“நான் என்ன சொல்ல வேண்டும்?” என்றார் தாழ்ந்த குரலில். “எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.”

“உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. நீங்களே சொல்லுங்கள்.”

அவர் ஆதிநாதன் எதிரில் போய் நின்றார். வாயைத் திறந்தார். அவரிடம் என்ன தமிழ் இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. எங்க வலிக்குது, எத்தனை நாளா, நாக்கை நீட்டுங்க, மூச்சை இழுங்க, மாத்திரை மூணு வேளை, நாளைக்கு வாங்க. இத்தனையையும் அவர் உள்ளுக்குள் புரட்டிப் புரட்டித் தேடுவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஆதிநாதன் தோளில் கை வைத்து, “பயப்படாதீங்க” என்றார்.

பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்த மனுஷர் அண்ணாந்து அவரைப் பார்த்தார். தான் சொன்னது சரியில்லை என்று யான்சனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காது வரைக்கும் சிவந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி எல்லாரையும் ஒரு கும்பிடு போட்டார். பிறகு, அவருக்கு மிகப் பிடித்த அந்த வாக்கியத்தை, ஒரு பிசிறு இல்லாமல், நம் ஊரில் பிறந்தவர் மாதிரியே சொன்னார்.

“போய்ட்டு வரேன்.”

சாவு வீட்டில் அதை யாரும் சொல்லமாட்டார்கள். மறுபடி வருகிறேன் என்று அந்த வாசலில் சொல்லக் கூடாது. வந்தவர் பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பச்சைக் குழந்தைக்குக்கூட அது தெரியும். பந்தலில் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

ஆதிநாதனின் சித்தப்பா வாசுபூஜ்யன் நயினாருக்குக் கோபத்தில் தாடை ஆடியது. “எழவு ஊட்ல சொல்லிக்கினு போறானே! இந்த ஆளுக்கு எவன்யா தமிழு சொல்லிக் குடுத்தது?” என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார்.

அங்கிருந்தவர்களில் அது ஆதிநாதன் ஒருவருக்குத்தான் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். நாலு பேர் என்னைக் காறித் துப்பினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவர் சொல்லவில்லை.

“உடுங்க சித்தப்பா, ஊருக்குப் புதுசு, அவருக்கு இன்னா தெரியும்” என்றார் ஆதிநாதன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பானை பந்தல் மூலையில் மூடி வைத்தபடியே இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து நான் ஒரு பருக்கை தொடவில்லை.

“நீ சாப்டியா மச்சான்?” என்று கேட்டார்.

“ஆச்சு மாமா” என்றேன்.